ஹார்டு டிஸ்க்கில் இருந்த மாரிசெல்வம்

மாரிசெல்வம் செத்து ஒரு வருசத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவன்மேல் எனக்கு இருக்கிற கோபம் மட்டும் இன்னும் தீரவில்லை. திருச்சுழிப் பக்கம் நடந்த கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று ஒன்றுவிடாமல் வீடியோ எடுத்தான். தன்னை ஒரு தடவையாவது எடுத்தானா? கேட்டால், "என்னையப் பார்த்து என்னக்கா ஆகப்போகுது? பொண்ணு மாப்பிள்ளையைப் பார்க்கத்தான் கூப்பிடுதாக" என்பான். அப்போதே இரண்டு போட்டிருக்க வேண்டும் அவனை.

என் பெயர் இன்பராணி. அருப்புக்கோட்டை பந்தல்குடி ரோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் பெயருக்குத்தான். உண்மையான பிழைப்பு ஆல்பம் டிசைனும் வீடியோ மிக்சிங்கும். வீடியோக்காரர்கள் எடுத்து வருவதை வெட்டி ஒட்டி, மேலே சினிமாப் பாட்டைப் போட்டு, மணமக்கள் தலையில் ரோஜாப்பூவைக் கொட்டவிட்டு, கல்யாண வீட்டுக்காரர் பார்த்துச் சந்தோசப்படுகிற மாதிரி ஆக்கிக் கொடுப்பேன். மாரிசெல்வம் எடுத்த எல்லாவற்றுக்கும் மிக்சிங் நான்தான்.

அவனுக்குத் திருச்சுழிக்குத் தெற்கே ஒரு கரிசல்காட்டுக் கிராமம். நிலம் உண்டு, தண்ணீர்தான் கிடையாது. மழை பெய்தால் கொத்தமல்லியும் சோளமும், பெய்யாவிட்டால் வேலிக்கருவை. அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மா மூக்கம்மாள்தான் களை எடுத்து, ஆடு மேய்த்து அவனைப் பன்னிரண்டாவது வரை படிக்க வைத்தாள். மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாது என்று சொல்லி அவன் கேமராவைத் தூக்கினான். அம்மா முதலில் கத்தினாள். பிறகு, ஊரில் எந்த விசேசத்துக்குப் போனாலும் "எம்மவன்தான் படம் பிடிக்கான்" என்று சொல்லி முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

வேலையில் கெட்டிக்காரன். ஆனால் அந்த வாய் இருக்கிறதே, யப்பா! கேமராவைத் தோளில் வைத்துவிட்டால் பேச்சு நிற்காது. "ஏ மாப்ள, பல்லுக்கு என்ன வரியா போட்டிருக்காக? சிரிங்க." "தாய்மாமன் எங்கே போனாரு, பந்திக்கா?" கூட்டம் சிரிக்கும், படமும் நன்றாக வரும். என் பாடுதான் திண்டாட்டம். அவன் குரலை எல்லா இடத்திலும் எடுத்துவிட்டுப் பாட்டைப் போட வேண்டும். "ஏலே, வாயை மூடிட்டு எடுக்க மாட்டியாலே?" என்று திட்டுவேன். "நீங்க மியூட் பண்ணிருங்கக்கா, வேற என்ன சோலி உங்களுக்கு" என்று சிரித்துவிட்டு டீ வாங்கப் போவான். இப்படியே அவன் குரல் இல்லாத டிவிடியும் பென்டிரைவுமாக ஊரெல்லாம் போய்ச் சேர்ந்தது.

வெட்டாத மூலப்படம் எல்லாம் அவனிடம் ஒரு கறுப்பு ஹார்டு டிஸ்க்கில் இருந்தது. வேலை முடிந்ததும் நான் என் கம்ப்யூட்டரில் இருப்பதை அழித்துவிடுவேன். இடம் வேண்டுமே. அவன் அழிக்க மாட்டான். உள்ளங்கையில் அடங்குகிற அந்தப் பெட்டியைத் துண்டில் சுற்றிப் பீரோவில் வைத்திருப்பான்.

போன வருசம் தை மாசத்து முகூர்த்தம் ஒன்றை முடித்துவிட்டுக் காரியாபட்டியிலிருந்து பைக்கில் வந்துகொண்டிருந்தான். நல்ல மத்தியானம். நாய் குறுக்கே வந்தது என்றார்கள். ஹெல்மெட்டை டேங்கின்மேல் வைத்திருந்தான். தலையில் மாட்டுவதற்குத்தானே அதை விற்கிறார்கள்? கேமரா, போன், எல்லாம் ரோட்டில் தூள்தூளாகக் கிடந்தன. கல்யாணமாகி மூன்று வருசம்கூட ஆகவில்லை, பிள்ளையும் இல்லை. அவன் பெண்டாட்டி தங்கலட்சுமி பாலவனத்தத்துப் பிள்ளை. தாய்வீட்டில் கூப்பிட்டும் போகாமல், மாமியாரோடேயே இருந்துகொண்டு மில்லுக்கு வேலைக்குப் போய்வருகிறாள்.

இந்தப் பங்குனியில் மாமியாரும் மருமகளும் என் கடைக்கு வந்தார்கள். வெயில் ரோட்டைப் பொரித்துக்கொண்டிருந்தது. தங்கலட்சுமி பையிலிருந்து ஒரு மஞ்சள் துணி முடிச்சை எடுத்து மேசைமேல் அவிழ்த்தாள். அதே கறுப்புப் பெட்டி.

"அக்கா, இதைக் கம்ப்யூட்டருல சொருகினா ஒண்ணுமே வரமாட்டேங்குதுக்கா. மில்லு ஆபீஸ்ல ஒரு சாருகிட்டக் குடுத்துப் பார்த்தேன். லைட்டு மட்டும் மினுக்கு மினுக்குன்னு எரியுதும்மா, வேற ஒண்ணையும் காணோம்னுட்டாரு."

"இப்ப எதுக்கு இது? யாரும் கல்யாணக் காப்பி கேக்காகளா?"

"இல்லக்கா." பெட்டியை என் பக்கம் நகர்த்தினாள். "அவுக கொரலு வேணும்."

நான் மவுசை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

"மொகம் போட்டோவுல இருக்குக்கா, தெனமும் பார்க்கேன். கொரலுதான் மறந்துபோச்சு. கொஞ்ச நாள் முன்னாடி வரைக்கும் காதுக்குள்ள கேட்டுக்கிட்டே இருந்துச்சு. இப்ப நெனச்சு நெனச்சுப் பார்க்கேன், வரமாட்டேங்குது. அத்தைக்கும் அப்படித்தானாம். ரெண்டு பேரும் ராவெல்லாம் பேசிப் பேசிப் பார்த்தோம். அவுக 'தங்கம்'னு கூப்பிடுவாகள்ல, அது எப்படி இருக்கும்னே தெரியலக்கா."

"உன் போன்ல ஒண்ணும் கெடையாதா? பேசி அனுப்பினது, கிண்டல் பண்ணினது?"

"அவுக போன் போட்டுத்தான் பேசுவாக. பேசி அனுப்புறதெல்லாம் வேலையத்தவுக செய்யுறதும்பாக."

அவன்மேல் மறுபடியும் கோபம் வந்தது. என்மேலும் வந்தது. அந்தப் படுபாவியின் குரலை எத்தனை வருசம் உட்கார்ந்து துடைத்திருக்கிறேன்! அது கிடைக்கிற ஒரே இடம் இப்போது இந்தப் பெட்டிதான். மூக்கம்மாள் வாசல் ஓரத்து ஸ்டூலில் முந்தானையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

முதலில் வயரை மாற்றிப் பார்த்தேன். இந்தமாதிரி வருகிற பெட்டிகளில் பாதிக்கு வயரில்தான் நோய் இருக்கும். கேட்கவில்லை. முன்பக்கத்தில் சொருகியதை எடுத்துக் கம்ப்யூட்டரின் பின்பக்கத்தில் சொருகினேன், அங்கே கரண்டு கொஞ்சம் தாராளமாகக் கிடைக்கும். லைட்டு மினுக்கியது, உள்ளே தட்டு சுற்ற ஆரம்பித்தது, உடனே நின்றது. திரையில் ஒரு நொடி தலையைக் காட்டிவிட்டு ஓடிவிட்டது. வயரைச் சொருகும்போதே சரியாக உட்காரவில்லை என்று கைக்குப் பட்டது. போன் லைட்டை அடித்துப் பெட்டியில் வயர் சொருகுகிற ஓட்டைக்குள் பார்த்தேன். மஞ்சளாக என்னவோ காரை பூசினதுபோல அடைத்திருந்தது. ஊசியால் சுரண்டினால் பொடிப்பொடியாக உதிர்ந்தது. மோந்து பார்த்தேன். சந்தனம்.

"எந்த மடப்பய பார்த்த வேலை இது? இதுக்குள்ள சந்தனத்தை அப்பி வச்சிருக்கான்!" என்று கத்திவிட்டேன். கடைக்கு வந்திருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

மூக்கம்மாள் எழுந்து நின்றாள்.

"நாந்தாத்தா."

"நீங்களா பெரியம்மா? எதுக்கு?"

"பதினாறாம் நாளு படையல் போட்டோம்ல. அவனுக்குப் பிடிச்சதெல்லாம் வைக்கணுமில்ல. புரோட்டா வச்சேன், சீனிச்சேவு வச்சேன், புது வேட்டி வச்சேன். கேமராதான் ஒடஞ்சுபோச்சே, அதான் இந்தப் பெட்டியை வச்சேன். இதைத்தானே தெனம் கையில வச்சிருப்பான். அன்னையிலருந்து எடுக்க மனசு வரல. போட்டோவுக்கு முன்னாடியே இருக்கட்டும்னு விட்டுட்டேன். அமாவாசைக்கு அமாவாசை தண்ணி தெளிச்சு, அவன் போட்டோவுக்கு வைக்கிறப்ப இதுக்கும் ஒரு பொட்டு வைப்பேன்."

"பொட்டை மேல வைக்கக் கூடாதா? இந்த ஓட்டைக்குள்ளயா வைக்கணும்?"

"பொட்டு மொகத்துலதானத்தா வைக்கணும்? வேற எங்கிட்டும் ஒண்ணுமே இல்லாம மழமழன்னு இருந்துச்சு. அந்த ஓட்டை இருக்க பக்கந்தான் மொகம் மாதிரித் தெரிஞ்சுச்சு."

தங்கலட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு இது தெரியாது போலிருக்கிறது, தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள். "கெட்டுப்போச்சாத்தா? நாந்தான் கெடுத்துப்புட்டனா?" என்று மூக்கம்மாள் கேட்டாள். நான் கத்தியதற்கு என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. கல்லறைத் திருநாளுக்குக் கிறிஸ்தவர்கள் நாங்கள் பூவும் மெழுகுவத்தியும் கொண்டுபோய் வைக்கிறோம். அவளும் கையில் இருந்ததைக்கொண்டு அதையேதான் செய்திருக்கிறாள்.

"ஒண்ணும் கெடல பெரியம்மா. துடைச்சா சரியாயிரும். நான் போன் போடுதேன், அப்ப வாங்க" என்றேன். சும்மா சொன்னேன். சரியாகும் என்று எனக்கே நம்பிக்கை இல்லை.

அவர்கள் போன பிறகு ஸ்பிரிட்டில் பிரஷ்ஷை நனைத்துத் துடைத்தேன். ஓட்டை சுத்தமானது, பெட்டி வாய் திறக்கவில்லை. மேல்மூடியைக் கழற்றிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. தெளித்த தண்ணீரும் பக்கத்தில் எரிந்த விளக்கின் சூடும் சேர்ந்து உள்ளே இருந்த சின்னப் பலகையில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. நல்லவேளை, இந்த மாடலில் டிஸ்க்கைத் தனியாகக் கழற்றலாம். கழற்றிக் கம்ப்யூட்டருக்குள் நேராகவே மாட்டினேன். இந்தமுறை வந்தது. வந்ததும், இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்தால்தான் திறக்க முடியும், செய்யவா என்று கேட்டது. இந்தக் கேள்விக்குச் சரி என்று அமுக்கிவிட்டுத்தான் முக்கால்வாசிப் பேர் என்னிடம் அழுதுகொண்டு வருவார்கள். நான் வேண்டாம் என்று அமுக்கிவிட்டு, கெட்ட டிஸ்க்கிலிருந்து ஃபைலைத் தோண்டி எடுக்கிற சாப்ட்வேரைப் போட்டேன்.

அது நத்தைபோல ஊர்ந்தது. இடையிடையே டிஸ்க் டக் டக்கென்று விக்கும். மற்ற வேலையை எல்லாம் ஓரங்கட்டிவிட்டு, சேசப்பா சேசப்பா என்று சொல்லிக்கொண்டு அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். மதுரையில் இதே வேலை செய்கிற ஒருவரிடம் போனில் கேட்டேன். தட்டே தேய்ந்திருக்கிறது, இதற்குமேல் படுத்தினால் இருப்பதும் போய்விடும், வந்ததை எடுத்துக்கொண்டு விட்டுவிடுங்கள் என்றார்.

வந்தது ரொம்பக் கொஞ்சம். ஃபைல் பெயர்கள் எல்லாம் வரிசையாக வந்தன, திறந்தால் ஒன்றும் இல்லை. திறந்தவற்றில் பாதி, முகம் இருக்கிற இடத்தில் சாம்பல் பூத்துக் கிடந்தது. ஒழுங்காக ஓடிய படங்களில் எல்லாம் மேளம். மேளம் இல்லாவிட்டால் ஜெனரேட்டர். அதுவும் இல்லாவிட்டால் யாரோ மைக்கில் மொய் வாசிக்கிறார்கள். வாய் ஓயாத பயலே, எங்கேடா போனாய் என்று கேட்டுக்கொண்டே ஒவ்வொன்றாகத் திறந்தேன். கடைசியில் ஒரு குலசாமி கோயில் காதுகுத்து கிடைத்தது. சின்னத் துண்டு. அதில் அவன் முதல் வார்த்தையை எடுக்கும்போதே நிறுத்திவிட்டேன். அதை முதலில் கேட்கவேண்டியது நானில்லை. அப்படியே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன்.

போன் போட்டேன். மறுநாளே வந்துவிட்டார்கள். தங்கலட்சுமி மில்லுக்கு லீவு போட்டிருந்தாள். நான் மறைக்காமல் சொல்லிவிட்டேன்.

"பாரு தங்கம், எல்லாம் போயிருச்சு. ஒண்ணே ஒண்ணுதான் கெடைச்சிருக்கு, அதுவும் கண்மூடித் தொறக்கிற நேரந்தான் ஓடும். மேல எதுவும் வராது."

"வந்தது போதும்க்கா" என்றாள்.

அவளை என் நாற்காலியில் உட்காரவைத்தேன். மூக்கம்மாளை உட்காரச் சொன்னால் கேட்கவில்லை. கண் சரியாகத் தெரியாது என்று சொல்லிக் கம்ப்யூட்டருக்கு நேர் முன்னால் போய் நின்றுகொண்டாள். நான் ஸ்பீக்கரைக் கூட்டி வைத்துவிட்டு ஓடவிட்டேன்.

கோயில் முன்னால் கூட்டம். தாய்மாமன் மடியில் மொட்டைபோட்ட பிள்ளை அழுகிறது, ஆசாரி கம்பியை எடுக்கிறார். பெண்கள் எல்லோரும் எட்டிப் பார்த்துக்கொண்டு முன்னால் வந்துவிட்டார்கள். படம் ஆடியது. கேமராவுக்குப் பின்னாலிருந்து, கொஞ்சம் கரகரத்து, பாதி சிரிப்போடு அந்தக் குரல் வந்தது.

"தள்ளுங்க, தள்ளுங்க. அட, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மறைக்குதுல்ல!"

"அவுகதான்" என்றாள் தங்கலட்சுமி. "அக்கா, அவுகதான்க்கா!" இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மூக்கம்மாள் பதறிப்போய்ச் சேலையை ஒதுக்கிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னாலிருந்து நகர்ந்தாள். நகர்ந்து நகர்ந்து ஜெராக்ஸ் மிசினைத் தாண்டிச் சுவரோடு போய் ஒட்டிக்கொண்டாள்.

"இந்தா தள்ளிட்டேய்யா" என்றாள். "இப்பத் தெரியுதா?"

அதற்குள் படம் முடிந்து திரை கறுத்துவிட்டது. அவள் சுவரில் ஒட்டிக்கொண்டு, பதிலுக்காக நின்றுகொண்டிருந்தாள்.