கக்கத்தில் இருந்த தெர்மாமீட்டர்

அறுபதுகளின் தொடக்கத்தில் திண்டுக்கல்லில் நான் நர்சாக இருந்தேன். பெண்கள் வார்டில் மூன்று பேர் பார்க்க வேண்டிய வேலையை ஒரு மாதமாக ஒருத்தியே பார்த்தேன். ஒருத்தி கல்யாணமாகிப் போனாள், இன்னொருத்தி மாற்றலாகிப் போனாள், எனக்குத்தான் போக்கிடம் இல்லை. செம்பட்டி பஸ்ஸில் டிக்கெட் கேட்ட கண்டக்டரிடம் "நாக்கை நீட்டுங்க" என்று சொல்லியிருக்கிறேன். மனிதர் பயந்துபோய் நீட்டவும் செய்தார்.

சிரிக்க அது சரி. வார்டில் யார் கூப்பிட்டாலும் எரிந்து விழுந்தேன். அதையும் மீறிக் கூப்பிட்டால் "இந்தா வாரேன்" என்பேன். எங்கள் வார்டில் அதற்கு வரமாட்டேன் என்று பொருள். பழைய நோயாளிகளுக்கு அது தெரியும்.

ஒருநாள் வார்டிலிருந்த ஒரே தெர்மாமீட்டரைக் காணோம். மேட்ரன் இடுப்பில் கைவைத்து நின்றார். "மத்தியானத்துக்குள்ள அது வரலேன்னா நீ வீட்டுக்குப் போயிர வேண்டியதுதான்."

வீட்டுக்குப் போனால் தூங்கலாமே என்றுதான் முதலில் தோன்றியது. வேலை போகப்போகிறது என்பது அப்புறம்தான் உறைத்தது. அலமாரி, குப்பைக்கூடை, பினாயில் வாளி எல்லாம் துழாவினேன். டாக்டரின் கோட்டுப் பையைக்கூட விடவில்லை.

இதற்கிடையில் ஒரு கைக்குழந்தை காலையிலிருந்து வீறிட்டுக்கொண்டிருந்தது. "பிள்ளைக்குப் பால் குடுக்கவும் நான்தான் வரணுமா?" என்று இருந்த இடத்திலிருந்தே இரண்டு முறை கத்தினேன். மூன்றாம் முறை சண்டை போடவே கட்டிலுக்குப் போனேன்.

சிறுமலைப் பெண். பிரசவமாகி நாலாம் நாள் காய்ச்சலோடு முந்தின சாயங்காலம்தான் சேர்ந்திருந்தாள். துணைக்கு வந்த மாமியார் மலைக்குப் போகிற பஸ்ஸைப் பிடிக்க விடியலிலேயே கிளம்பிவிட்டார். இவள் இடது கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு விறைத்துக் கிடந்தாள். காலையில் வைத்த கஞ்சி ஏடு படிந்து அப்படியே இருந்தது.

"கைக்கு என்ன புள்ள?"

"நீங்கதான நர்சம்மா, கையை எடுத்தா உடைஞ்சு போகும், அசையாத, இந்தா வாரேன்னு சொல்லிட்டுப் போனீக?"

கக்கத்தில் கையை விட்டுப் பார்த்தேன். தெர்மாமீட்டர்! நான் அதை வைத்தது காலை ஏழு மணிக்கு. அப்போது மணி பன்னிரண்டு. வேலை தப்பித்தது. ஆனால் சந்தோஷம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. பச்சைப் பிள்ளையைப் பட்டினி போட்டதுமல்லாமல் அதன் தாயையும் வைதிருக்கிறேன். பிள்ளையைத் தூக்கி அவள் மார்பில் வைத்தேன். அது சத்தம் போட்டுக் குடித்தது. கால் ஓய்ந்துபோய் அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டேன். நோயாளியின் கட்டிலில் நர்ஸ் உட்காரக் கூடாது என்பது சட்டம்.

அவள் மரத்துப்போன கையை உதறிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தாள்.

"இதை வச்சதுல எனக்குக் காச்சல் நல்லா இறங்கிருச்சு" என்றாள். பிறகு பிள்ளையோடு சற்று நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். "உங்க கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கே நர்சம்மா. நீங்களும் செத்த நேரம் வச்சுக்கிட்டுப் படுங்க. யாராச்சும் கூப்பிட்டா நான் சொல்லிக்கிறேன்."