மடக்க முடியாத மூடை

வண்டி விஷயத்தில் லிங்கேஸ்வரனுக்குக் கொஞ்சம் வாய் அதிகம். முப்பத்தோரு வருஷமாகப் போடியிலிருந்து போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்பு ஓட்டுகிறவர். எந்த வண்டியையும் ஒரு சுற்றுச் சுற்றிவந்து, "பதினாலு ஆளு, நாலு சோத்து வாளி, ரெண்டு மூடை" என்று சொல்லிவிடுவார். சொன்னது தப்பியதில்லை. அளவு டேப்பெல்லாம் கண் தெரியாதவர்களுக்கு என்பது அவர் நினைப்பு.

அப்பேர்ப்பட்ட மனுஷன்தான் இரண்டரை மாதமாகச் சட்டைப்பையில் சணல் கயிற்றைச் சுருட்டி வைத்துக்கொண்டு, பழைய கார் விற்கிற இடமெல்லாம் நாயாக அலைந்தார்.

எல்லாம் மனைவி சந்திரவல்லிக்காக. அவள் தோட்டத்தில் காய் எடுத்தவள். ஏலக்காய் மேலே காய்த்துத் தொங்குகிற சமாச்சாரம் இல்லை. செடியின் தூரில், மண்ணோடு மண்ணாகச் சரம் விட்டுக் கிடக்கும். குத்தவைத்தும் குனிந்தும்தான் எடுக்க வேண்டும். இருபத்தாறு வருஷம் அப்படி வளைந்த முதுகு, போன தை மாதம் ஈரச் சரிவில் வழுக்கி விழுந்ததோடு கையை விரித்துவிட்டது. பதினைந்து நாளைக்கு ஒருமுறை வந்தால் ஆறு மாதத்தில் நடக்க வைத்துவிடலாம் என்றார் மதுரை டாக்டர். ஆனால் உட்கார்ந்து வரக்கூடாது, படுத்துத்தான் வர வேண்டும்.

ஜீப்பு முதலாளியுடையது. பின்னால் எதிரெதிராக இரண்டு பெஞ்சு, படுக்க வழியில்லை. வாடகைக் காரின் சீட்டில் சுருட்டிப் படுக்க வைத்து இரண்டு தடவை கொண்டுபோனார். இரண்டாவது தடவை திரும்பி வரும்போது, உசிலம்பட்டி தாண்டியதும் அவள் சொன்னாள்: "இனிமே என்னைய எங்கயும் கொண்டு போகாதய்யா. கிடந்த இடத்துலயே கிடந்துக்கிறேன்." கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பார். அலுத்துப்போய்ச் சொன்னாள்.

அதன் பிறகு ஐந்து முறை போகாமல் விட்டாயிற்று. இந்தச் செவ்வாய்க்கிழமையும் வராவிட்டால் அப்புறம் வந்தும் பிரயோசனம் இல்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது.

அவர் தேடியது, கூரை பின்கதவு வரைக்கும் நீண்டு, பின்சீட்டை மடக்கினால் ஒரு ஆள் நீட்டிப் படுக்கிற மாதிரியான கார். அதற்குத்தான் கயிறு. அந்தக் கயிற்றை அவளை வைத்து அளந்து எடுக்கவில்லை. படுத்திருக்கிற ஆளைக் கயிறு பிடித்து அளக்கிற சோலி ஊரில் ஒரே காரியத்துக்குத்தான் நடக்கும், பாடை கட்ட. கண்ணை முழித்துப் பார்த்துக்கொண்டு கிடக்கிறவளைப் போய் அப்படி அளக்க அவருக்குக் கை வரவில்லை. கல்யாணத்தில் மாலை மாற்றும்போது அவள் தலை தன் காது மட்டத்துக்கு வந்தது நினைவிருந்தது. சுவரோரம் நின்று, காது மட்டத்தில் விரலை ஊன்றி, தரையிலிருந்து அதுவரைக்கும் கயிறு பிடித்து அறுத்துக்கொண்டார். கண்ணளவுக்காரருக்கு அது போதாதா?

அன்று மத்தியானம் பார்த்தது ஏழாவது வண்டி. தேனி ரோட்டில் சின்ராசு வைத்திருக்கும் கொட்டகையில் வெள்ளையாக நின்றது. சின்ராசு ஏசி, மைலேஜ், புது டயர் என்று அடுக்கிக்கொண்டே போனான்.

"அதெல்லாம் கிடக்கட்டும்ப்பா. பின்கதவைத் தொற. சீட்டை மடக்கு."

கயிற்றை விரித்தார். அரைச் சாண் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

"ஏலக்கா மூடையாண்ணே?" என்றான் சின்ராசு.

"ஆமா, மூடைதான்."

"அரைச் சாணுக்கா யோசிக்கிறீக? மூடையைச் செத்த மடக்கி வச்சா உள்ள போயிரும்ல?"

"இது மடக்க முடியாத மூடை."

சின்ராசு சலித்துப்போய்ச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டான். "இதைவிட நீளம் வேணும்னா லாரிதாண்ணே வாங்கணும். நாளைக்குக் கம்பத்துலருந்து ஆளு வருது, வண்டி போயிரும்."

ஊருக்குத் திரும்புகிற ராசிங்காபுரம் பஸ்சில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் அவர் வெளியே பார்க்கவில்லை. கட்டினவளை மூடை என்று சொல்லிவிட்டோமே என்பது முள்ளாய்க் குத்திக்கொண்டே வந்தது. ஒரு வண்டி தேடத் துப்பில்லை, இதில் முப்பத்தோரு வருஷ டிரைவர் என்று பேர் வேறு.

வீட்டில் சட்டையைக் கழற்றி உதறியபோது கயிறு கட்டில் மேலேயே விழுந்தது.

"இது எதுக்குய்யா?" என்றாள் சந்திரவல்லி.

மழுப்பிப் பார்த்தார். அவளிடம் அது எந்தக் காலத்தில் நடந்திருக்கிறது? காது மட்டம் வரைக்கும் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று.

"என் மேல வச்சுப் பாத்தியா?"

"சும்மா கிட புள்ள. அதெல்லாம் அளக்கக் கூடாது."

"அளந்தா செத்தா போவேன்? அளக்காமயே பாதி செத்துத்தான கிடக்கேன். பிடிய்யா கயித்த."

அவள் ஒரு முனையை உச்சந்தலையில் தானே பிடித்துக்கொண்டாள். அவர் மறுமுனையோடு கால்மாட்டுக்குப் போனார். முழங்கால் முழுசாய் நீளாது. முதுகு ஒருபக்கமாக வளைந்து கிடந்தது. குதிகாலுக்குக் கயிறு வந்து சேர்ந்து, அதற்கு அப்பாலும் தொங்கியது. இழுத்துப் பிடித்து இன்னொரு தடவை பார்த்தார். மூன்றாவது தடவையும் பார்த்தார். ஒரு சாண் முழுசாக மிச்சம்.

தினமும் துடைத்துவிட்டு, சேலை மாற்றி, புரட்டிப் படுக்க வைக்கிறவர் அவர்தான். ஒரு சாண் குறைந்துபோனதை அந்தக் கண் பார்க்கவே இல்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. அவள் தொங்கிக்கொண்டிருந்த கயிற்றையே பார்த்தாள்.

"இம்புட்டையுமா மலையில விட்டுட்டு வந்துருக்கேன்?"

அவர் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

"சின்ராசு, அந்த வெள்ளை வண்டியக் கொடுத்துராதப்பா. அதுல கொள்ளும்."

"மூடை சுருங்கிருச்சாண்ணே?" என்று அவன் சிரித்தான்.

"மூடை இல்லப்பா. எம் பொண்டாட்டி. படுக்க வச்சுக் கூட்டிட்டுப் போகணும்."

"காலையில நானே வெரசாக் கொண்டாறேண்ணே. அவுகளையே படுக்க வச்சுப் பாத்துருவோம்" என்றான் சின்ராசு.

உள்ளே வந்தபோது அவள் கயிற்றைக் கையில் சுற்றி வைத்திருந்தாள்.

"அந்த வண்டி இந்தக் கயித்துக்கு எம்புட்டுப் பத்தலைன்ன?"

"அரைச் சாண்."

"அப்ப எனக்குப் போக இன்னும் அரைச் சாண் இடம் கிடக்கும்ல? தலைக்கு மேல ஒரு துணிமூட்டைய வச்சுரு, வளைவுல முட்டாம இருக்கும்" என்றாள். பிறகு, சுவர்ப்பக்கம் பார்த்துக்கொண்டே, "செவ்வாக்கிழமை எத்தனை மணிக்குய்யா கிளம்பணும்?" என்று கேட்டாள்.