கொக்குக்கு முன் இருந்த தலைவர்

கொக்கு வேஷம் போட்ட மாணவன் ஸ்டேடிய வண்டி நிறுத்துமிடத்தைக் கடக்கிறான் என்றால், வெர்ன் ஹால்வர்சன் தன் மடக்கு நாற்காலியைத் தூக்கித் திருப்பிப் போட்டு, கொக்குக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவார். மூன்று வருடமாக, ஆட்டமுள்ள எல்லாச் சனிக்கிழமையும் இதே கூத்து.

"கொக்காம் கொக்கு! முதல் பனி விழுந்ததும் ஃப்ளோரிடாவுக்கு ஓடிப்போற பறவைய மினசோட்டாக்காரன் எவனாவது சின்னமா வைப்பானா?" என்று என்னிடம் கேட்பார். நான் தலையை ஆட்டிவைப்பேன். ஆட்டத்துக்கு முன் அங்கே அடுப்பு வைத்து அவர் சுடும் சாசேஜுக்காகப் போகிறவன் நான்.

எங்கள் பல்கலைக்கழகக் கால்பந்து அணிக்கு முதல் சின்னம் கூண்டில் வைத்த நிஜக் கரடிக்குட்டி. அது வாத்தியக் குழுவில் ஒருவரின் விரலைக் கடித்ததும் மிருகக்காட்சிசாலைக்குப் போயிற்று. பிறகு அறுபது வருடம் 'தலைவர்': இறகுக் கிரீடம் வைத்து, முகத்தில் சிவப்புச் சாயம் பூசி, பூர்வகுடித் தலைவர் வேஷத்தில் குதிக்கும் ஒரு வெள்ளைக்கார மாணவன். எதிர்ப்புக் கிளம்பி அதைக் கைவிட்டபின் சில வருடம் ஒன்றுமே இல்லை. இப்போது கொக்கு.

நாற்பத்தைந்து வருடத்துக்கு முன் அந்தத் தலைவராக ஆடியவர் வெர்ன். எம்பிக் குதித்துக் காற்றிலேயே கால்விரலைத் தொடுவாராம். அந்த ஆட்டத்தை யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டால், "யாரு? டிவியில கௌபாய் படம் பாத்து நானே கட்டினேன்" என்பார், பெருமையும் வெட்கமும் சரிபாதியாக. பிழைப்பு என்னவோ பாய்லர் பழுது பார்ப்பதுதான். "அன்னிக்கு இருபதாயிரம் பேர் எழுந்து நின்னாங்கப்பா. பாய்லர ரிப்பேர் பண்ணா ஒருத்தரும் எழுந்து நிக்கிறதில்ல."

மருமகள் லெனோர் ஓஜிப்வே பூர்வகுடிப் பெண், நர்ஸ். கல்யாணமான புதிதில் நன்றித் திருநாள் விருந்துக்கு வந்தவள், கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த தலைவர் வேஷப் படத்தின் முன் நின்றாள்.

"இது யாரு, வெர்ன்?"

"நான்தான்!"

"நீங்கன்னு தெரியுது. யாரா நிக்கிறீங்கன்னு கேட்டேன்."

மறுநாள் வெர்ன் படத்தைக் கழற்றிவிட்டு அவளைப் போனில் கூப்பிட்டு, பழைய நண்பர்கள் கூடும்போதுகூட இனி அந்தத் தலைவர் ஆட்டம் ஆடுவதில்லை என்று வாக்குக் கொடுத்தார். "அவ கேக்கவே இல்ல. நானா வாய விட்டேன். கேட்டிருந்தா சண்டையாவது போட்டிருக்கலாம்" என்று புலம்புவார். சர்க்கரை மாத்திரை போட்டாரா என்று தினமும் விசாரிப்பது பெற்ற மகனல்ல, அவள்தான். அவள்மேல் அவருக்குக் கொள்ளைப் பிரியம்.

போன சனிக்கிழமை பழைய மாணவர்கள் கூடும் நாள். வெர்ன் காலத்து வாத்தியக்காரர்கள் நான்கைந்து பேர் பெரிய முரசோடு வந்துவிட்டார்கள்.

"தலைவரே, ஒரே ஒரு தடவ! அடுத்த வருஷம் யாரு இருக்கோமோ இல்லையோ" என்றார் தொந்திக்கார ஸ்டான்.

"லெனோருக்கு வாக்குக் குடுத்திருக்கேன்டா."

"அவ ஆஸ்பத்திரி டூட்டில இருக்கா. இங்க யாரு போயி சொல்லப்போறா?"

முரசு தொடங்கியது, அதே பழைய அடி. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். வெர்னின் வலது குதிகால் தானாகத் தரையைவிட்டு எழும்பியது. எனக்குப் பாவமாக இருந்தது; ஆடிவிட்டுப் போகட்டுமே என்றுகூட ஒரு கணம் நினைத்துவிட்டேன்.

அவர் பக்கத்திலிருந்த ஐஸ்பெட்டியின்மேல் தொப்பென்று உட்கார்ந்தார். துள்ளிய முழங்கால்கள் இரண்டையும் இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். முரசு ஓயும்வரை கையை எடுக்கவில்லை.