அக்கா மிதித்த பிரேக்

பிரேக்கம்மாவுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். பட்டறைக்கு வண்டி கொண்டுவருகிறவர்கள் முதலில் அவள் முகத்தைப் பார்ப்பார்கள், அப்புறம்தான் வாயைத் திறப்பார்கள். இருபத்தாறு வருடமாக அதே தகரக் கொட்டகை, அதே வேலை. பிரேக்கைத் தவிர வேறு எதையும் தொடமாட்டாள். எஞ்சின் சரியில்லையா, பக்கத்துத் தெருவுக்குப் போ. பெயின்ட் அடிக்கணுமா, நடையைக் கட்டு. "ஓடாத வண்டி வீட்ல கெடக்கும், யாரும் சாக மாட்டாங்க. நிக்காத வண்டிதான் ஆளக் கொல்லும்" என்பாள்.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த அத்தானைத்தான் பார்க்கவேண்டும். அக்கா புருஷன். அறுபது வருடத்துப் பழைய கார் ஒன்று வைத்திருந்தார். அதை அவர் துடைப்பதைப் பார்த்தால் பெற்ற பிள்ளையைக்கூட யாரும் அப்படிக் குளிப்பாட்டியிருக்க மாட்டார்கள். சீட்டுக்குப் புதுத் தோல், கதவுக்குப் புது வெள்ளிப்பூச்சு, ஸ்டீயரிங்குக்கு மரவேலைக்காரரை வரவழைத்துப் பாலிஷ். பிரேக்? "அது அசல். கம்பெனியில போட்டது போட்டபடி இருக்கு" என்பார், ஏதோ தானே வார்த்து எடுத்த மாதிரி. பழைய கார்க்காரர்கள் சங்கத்தில் அசலாக வைத்திருப்பதற்கு மூன்று தடவை கோப்பை வாங்கியிருந்தார். மச்சினியே பட்டறை நடத்தினாலும் சரி, அந்த வண்டியில் வெளி ஆள் ஸ்பானர் வைக்கக்கூடாது.

பிரேக்கம்மாவும் விட்டுவிட்டாள். "போங்க, உங்க அலங்காரப் பெட்டிய நீங்களே வச்சுக் கும்பிடுங்க" என்று கேலி பேசுவதோடு சரி.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் ஆஸ்பத்திரி வேனுக்கு பிரேக் லைனிங் மாற்றப் போனாள். அக்காவுக்கு அங்கே துணிக் கிடங்கில் வேலை. நெற்றியில் பிளாஸ்திரியோடு நின்றிருந்தாள்.

"என்னக்கா இது?"

"அலமாரி கதவு இடிச்சுதுடி. நீ போய் வேலையப் பாரு."

உண்மையை வேன் டிரைவர் சொன்னார். காலையில் மேட்டுத்தெரு இறக்கத்தில் அத்தான் கார் சிக்னலில் நிற்கவில்லை. கோட்டைத் தாண்டி, சாலையைக் கடந்துகொண்டிருந்த நாலு பேரைச் சிதற அடித்து, அதற்கு அப்பால் நின்ற பஸ்ஸின் பின்பக்கத்தைத் தொட்டு நின்றிருக்கிறது. அக்கா நெற்றி முன்பலகையில் மோதியிருக்கிறது. தினமும் அந்த இறக்கம் வழியாகத்தான் அவளை வேலைக்குக் கொண்டுவந்து விடுவார். நாளைக்கும் வருவார், நாளை மறுநாளும் வருவார்.

பிரேக்கம்மாவுக்குப் பத்திக்கொண்டு வந்தது. நேராக அத்தான் வீட்டுக்குப் போனாள். அவர் கூடத்தில் உட்கார்ந்து பம்பரில் விழுந்த கீறலுக்கு என்ன பாலிஷ் போடலாம் என்று போனில் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா மண்டையில விழுந்த கீறலுக்கு என்ன போடப்போறீங்க?"

"கத்தாதம்மா. அந்த பஸ்காரன் திடீர்னு நிறுத்திட்டான்."

"அவன் பிரேக் பிடிக்குது, நிறுத்தினான். உங்களுக்குப் பிடிக்கல."

"இந்த வண்டிய நிறுத்த ஒரு பக்குவம் வேணும். விட்டு விட்டு மூணு தடவ மிதிக்கணும். எனக்குத் தெரியும். டிஸ்க்கு கிஸ்க்குன்னு மாத்தினா அசல் போயிடும்."

"ஆளே போயிட்டா அசல வச்சு என்ன பண்ணுவீங்க?"

அவர் வாயைத் திறப்பதற்குள் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். ஓட்டக்கூட மனசில்லை. இழுவை வண்டியை வரவழைத்துக் கட்டி இழுத்துப் போனாள். தெருவே வேடிக்கை பார்த்தது.

சக்கரத்து டிரம்மைக் கழற்றினால், உள்ளே உரசிப் பிடிக்கவேண்டிய லைனிங் கண்ணாடி மாதிரி வழுவழுவென்று இருந்தது. பிடிப்பதற்கு அதில் என்ன இருக்கிறது? ஒரு சக்கரத்தில் பிரேக் ஆயில் கசிந்து எல்லாவற்றையும் நனைத்திருந்தது. நாலு சக்கரத்துக்கும் ஒரே குழாய். ஓர் இடத்தில் உடைந்தால் நாலும் கையை விரித்துவிடும். திட்டிக்கொண்டே வேலையை ஆரம்பித்தாள். முன்னால் இரண்டுக்கும் டிஸ்க் பிரேக், பின்னால் புது லைனிங், முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனிக் குழாய்.

மிதித்தால் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் அந்தக் காரில் தரைக்கு அடியில் இருந்தது. அதை எடுக்கத் தரை விரிப்புகளைத் தூக்கவேண்டும். பக்கத்து சீட்டின் ரப்பர் விரிப்பைத் தூக்கியவள் அப்படியே நின்றாள். அதில் ஓர் ஓட்டை. எலி கடித்ததோ என்று நினைத்தாள். கீழே இரும்பில் இருந்த பெயின்ட்டும் தேய்ந்து பளபளத்தது. அந்த சீட்டில் ஏறி உட்கார்ந்து பார்த்தாள். வலது கால் தானாகப் போய் அந்த ஓட்டையில் நின்றது.

கல்யாணமான நாளிலிருந்து இருபத்தெட்டு வருடம் அக்கா அங்கே உட்கார்ந்து மிதித்திருக்கிறாள். இல்லாத பிரேக்கை. "அந்த வண்டியில போக பயமா இல்லியா?" என்று யாராவது கேட்டால் "எனக்கென்ன பயம்?" என்று சிரிப்பவள். பிரேக்கம்மா அத்தானை நினைத்து ஸ்பானரைச் சுவரில் விட்டெறிந்தாள்.

சனிக்கிழமை வேலை முடிந்தது. இருவரையும் வரச்சொன்னாள். பட்டறைக்குப் பின்னால் ஆள் நடமாட்டம் இல்லாத நீளமான சந்து. கடைசியில் காலி எண்ணெய் டின் ஒன்றை வைத்து, நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்து அதற்கு முன்னால் நிறுத்தச் சொன்னாள்.

அத்தான் வந்தார். மிதித்தார், விட்டார், மிதித்தார், விட்டார். டின் பறந்து சாக்கடையில் விழுந்தது.

"பாத்தியா? என் பழைய பிரேக்கே தேவல."

"விடாம மிதிங்க அத்தான். ஒரே மிதி. விட்டா அது எப்படிப் பிடிக்கும்?"

இன்னொரு டின் வைத்தாள். மறுபடி வந்தார். மறுபடி அதே மூன்று மிதி. இரண்டாவது டின்னும் போனது. மூன்றாவது முறையும் கால் கேட்கவில்லை. நாலு சக்கரத்தையும் மாற்றியாகிவிட்டது, இந்த மனிதரின் காலை எங்கே போய் மாற்றுவது? பிரேக்கம்மா கத்தின கத்தலில் பக்கத்து மாடியில் துணி காயப்போட்டவள் எட்டிப் பார்த்தாள்.

"இறங்குங்க" என்றாள் அக்கா.

"நீயா? இதுக்கு ஒரு பக்குவம்..."

"வேன் டிரைவர் லீவுல போனா ஆஸ்பத்திரி வேன ஓட்றது நான்தான். இறங்குங்க."

அவர் இறங்கினார். அக்கா சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள். சந்தின் மறுகோடிக்குப் போய்த் திரும்பி நேராக வந்தாள். ஒரே மிதி. டின்னுக்கு இரண்டு ஆள் நீளம் முன்னாலேயே கார் நின்றது. டயர் சத்தம்கூடப் பெரிதாக இல்லை.

பிரேக்கம்மா அத்தான் பக்கம் திரும்பினாள். "இப்ப என்ன சொல்றீங்க அத்தான்? இருபத்தெட்டு வருஷம் அவ உசுர வச்சு வெளயாடியிருக்கீங்க. அந்த விரிப்பப் பாத்தீங்களா? அதுல இருக்கிற ஓட்டையப் பாத்தீங்களா? பக்கத்துலயே உக்காந்து ஒருத்தி மிதிச்சுக்கிட்டே வரா, கண்ணு எங்க இருந்துச்சு உங்களுக்கு?"

அத்தான் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

அக்கா காரை விட்டு இறங்கவில்லை. இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருந்தது.

"அவரத் திட்டினது போதும். அவருக்கு பிரேக்கப் பத்தி ஒண்ணும் தெரியாது. எனக்கும் தெரியாது. பயமா இருக்கும், அவ்வளவுதான். வெளிய சொன்னா மனுஷன் மனசு ஒடஞ்சிடுவாரேன்னு வாய மூடிக்கிட்டு இருந்தேன்." அவள் தங்கையை ஏறிட்டுப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்த கோபத்தைப் பிரேக்கம்மா அதற்கு முன் பார்த்ததே இல்லை. "ஊர்ல இருக்கிற வண்டி எல்லாம் உங்கிட்டதான் வருது. எங்க வாசலுக்கு வாராவாரம் வருவ. கேலி பேசுவ, சாப்பிடுவ, போவ. இத்தன வருஷத்துல ஒரு தடவ குனிஞ்சு அந்தச் சக்கரத்தப் பாத்தியாடி?"

பிரேக்கம்மா கையில் இருந்த எண்ணெய்த் துணியை மடித்தாள், பிரித்தாள்.

"பாக்கலக்கா" என்றாள்.