சாக்குக்குக் கழிக்கும் இரண்டு கிலோ

நான் வேலை செய்த விமானக் கம்பனியின் விமானம் ஒன்றைக்கூட நான் கண்ணால் பார்த்ததில்லை. எங்கள் அலுவலகம் பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் இருந்தது. பதினொரு பெண்கள், பதினொரு கணினிகள். மலிவாக டிக்கட் விற்கும் புதிய கம்பனி அது. தமிழில் பேசுகிற பயணிகள் எங்கிருந்து அழைத்தாலும் அந்த அழைப்பு எங்கள் காதில் வந்து விழும். கொழும்பில் ஆள் வைப்பதைவிட எங்களை வைப்பது மலிவு என்று பின்னால்தான் தெரிந்தது. தெரிந்தபோதும் எனக்கு அது பெரிதாகப் படவில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவர்; தெமோதரைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இன்றைக்கும் கொழுந்து பறிக்கிறார். வேலை கிடைத்தபோது கழுத்தில் மாட்ட ஒரு அட்டை தந்தார்கள். நீல நாடா, விமானப் படம், என் முகம். மாலையில் பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது அதைக் கழற்ற மாட்டேன். பஸ்ஸிலிருந்து இறங்கி, எங்கள் வரிசை வீடுகள் இருக்கும் லயத்துக்கு ஏறும் படிகளிலும் கழற்ற மாட்டேன். லயத்துக் கடைசி வீட்டு மாமா என்னைக் கண்டால் சும்மா விடமாட்டார்.

“என்னா பிளேன் புள்ள, இன்னைக்கு எத்தன பேர ஏத்தி எறக்குன?”

“நூறு பேருக்கு மேல மாமா.”

“அப்ப இந்தப் படியில மட்டும் ஏன் நடந்து வர்ற? எறக்கிவிட்டுப் போகச் சொல்றது!”

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது.

ஒவ்வொரு மேசையிலும் ஒரு அட்டை ஒட்டியிருக்கும். என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்பது அதில் இருக்கும். வயதான பெண்களை ‘அம்மா’ என்று அழைக்க வேண்டும் என்பதும் அதிலேயே எழுதியிருந்தது. கம்பனியின் நிலைமையை நாங்கள் எந்தச் செய்தியிலும் படிக்கவில்லை. அந்த அட்டை மாறியதில்தான் படித்தோம். முதலில், ரத்தான பயணத்தின் பணம் பதினான்கு வேலை நாட்களில் வரும் என்று இருந்தது. பிறகு முப்பது. பிறகு நாற்பத்தைந்து. அடுத்த அட்டையில், திகதி எதையும் வாயால் சொல்ல வேண்டாம் என்றிருந்தது. காரணம் கேட்டால் ‘செயற்பாட்டுக் காரணங்கள்’ என்று மட்டும் சொல்ல வேண்டும்.

காரணம் எங்கள் மேற்பார்வையாளருக்குத் தெரியும். அவர் பண்டாரவளைக்காரர், இளைஞர். நாங்கள் சேர் என்போம். கம்பனியிடம் மூன்று விமானங்கள் இருந்தன, மூன்றும் வாடகைக்கு எடுத்தவை. வாடகை கட்டாததால் ஒன்றை உரிமையாளர்களே கொண்டுபோய்விட்டார்கள். இன்னொன்று இஞ்சின் பாகத்துக்காக நிற்கிறது. பாகம் அனுப்புகிறவர்கள் முன்பணம் கேட்கிறார்கள். மிச்சம் இருக்கிற ஒன்றுதான் மூன்றின் வேலையையும் பார்க்கிறது. அதற்கும் ஒவ்வொரு தடவையும் கையில் காசு கொடுத்தால்தான் எண்ணெய் ஊற்றுகிறார்கள். சேர் இதைத் தேநீர் குடித்துக்கொண்டே சொன்னார். எனக்குப் பக்கத்து மேசையில் இருந்த லுணுகலைப் பெண், “நம்ம ஊரு பஸ்கூட கடனுக்கு டீசல் அடிக்குதே சேர்” என்றாள். அவர் சிரிக்கவில்லை.

அந்த மாதம் சம்பளம் பாதிதான் வந்தது. வீட்டில் சொன்னேன்.

“அரைப்பேரு போட்டுட்டாங்களா?” என்று கேட்டார் அம்மா.

மலையில் அன்றைக்குக் கேட்ட கிலோ பறிக்காவிட்டால் அரை நாள் சம்பளம்தான் எழுதுவார்கள். அதற்குப் பெயர் அரைப்பேர். அம்மா அதை வருத்தமாகக் கேட்கவில்லை. எந்தக் கம்பனியிலும் நடக்கிற ஒன்றைக் கேட்பதுபோலத்தான் கேட்டார்.

“அப்படி இல்லம்மா. பேங்க்ல ஏதோ சிக்கல்” என்றேன்.

அப்போது, இந்தியாவுக்குப் போய்வர அம்மாவுக்கு நான் டிக்கட் எடுத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, அம்மா சிறுபிள்ளையாக இருந்தபோதே கலியாணம் முடித்து இந்தியாவுக்குப் போனவர். அப்போது இரண்டு அரசாங்கங்களும் ஒப்பந்தம் போட்டு, தோட்டத்து ஆட்களில் பாதிப் பேரைக் கப்பலேற்றி அங்கே அனுப்பினார்கள். அங்கேயும் கோத்தகிரிப் பக்கம் தேயிலைதான் பறித்தார். அதற்குப் பிறகு அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் நேரில் பார்க்கவில்லை. இப்போது பெரியம்மாவுக்கு நடக்க முடியாது. வீடியோ அழைப்பில் பேசும்போது இருவரும் அதிகம் பேசுவதில்லை. முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், காசு முடியும்வரை.

அலுவலகத்தில் மலிவுச் சீட்டுகள் திறந்த அன்று, கொழும்பிலிருந்து திருச்சிக்கு அம்மாவுக்கு ஒரு சீட்டு போட்டேன். அதுவரைக்கும் சேர்த்த சம்பளம் அதற்கும் பாஸ்போர்ட்டுக்கும் சரியாகப் போனது. அந்தக் காகிதத்தை அம்மாவிடம் கொடுத்தபோது, “எங்க கம்பனி பிளேன்மா” என்றேன். அம்மா அதைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தார்.

கையில் கொண்டுபோக ஏழு கிலோதான் விடுவார்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரு மாலை, கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் பையைத் தூக்கிப்போய் நிறுத்துக்கொண்டு வந்தார். ஒன்பது கிலோ. பாதிக்கு மேல் தேயிலைத்தூள்; பதுளைக் கடையில் நல்லதாகப் பார்த்து வாங்கியது.

“ஏழும்மா. ஒம்பது இல்ல.”

“தெரியும் புள்ள. ரெண்டு கிலோ சாக்குக்குக் கழிப்பாங்கல்ல?”

தோட்டத்தில் எத்தனை கிலோ பறித்தாலும் சாக்குக்கு என்று இரண்டு கிலோவைக் கழித்துவிட்டுத்தான் எழுதுவார்கள். உலகத்தில் எந்தத் தராசானாலும் அப்படித்தான் என்று அம்மா நினைத்திருந்தார். விமானத்தில் அப்படிக் கழிக்க மாட்டார்கள் என்றேன். அம்மாவுக்கு அது நம்பமுடியாத நியாயமாகத் தெரிந்தது. இரண்டு கிலோ தேயிலையை வெளியே எடுத்து வைத்துவிட்டு, “நல்ல கம்பனிதான்” என்றார்.

அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். என் திரையில் ஒவ்வொரு நாளும் சில பயணங்கள் ரத்தாகிச் சிவப்பாக மாறிக்கொண்டிருந்தன. சொன்னால் லயத்துக்கே தெரியும். கடைசி வீட்டு மாமாவுக்கும் தெரியும். நான் சொல்லவில்லை.

பயணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது, காலை பத்து மணியளவில் அம்மாவின் திருச்சிப் பயணம் சிவப்பானது. நான் அதைப் பார்த்தேன். மாலையில் வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அடுத்த அழைப்பை எடுத்தேன். எதுவும் தோன்றவில்லை.

மதியம் தாண்டி அந்த அழைப்பு வந்தது. அப்போது தமிழ் அழைப்புகளுக்கு நானும் லுணுகலைப் பெண்ணும் மட்டும்தான் மிச்சம்; மற்றவர்கள் வேலையை விட்டு நின்றுவிட்டார்கள். எங்கள் போன்களை வாசலில் ஒரு பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அதனால் அம்மா டிக்கட்டில் இருந்த நம்பருக்கு எடுத்திருக்கிறார். முப்பத்தைந்து நிமிடம் காத்திருந்ததாகத் திரை காட்டியது.

“வணக்கம். உங்களுக்கு எவ்வாறு உதவலாம்?”

“பாப்பாவா?” என்றது குரல்.

சேர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தார். எல்லா அழைப்பும் பதிவாகும்.

“தயவுசெய்து உங்கள் டிக்கட் இலக்கத்தைச் சொல்லுங்கள்.”

அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. தோட்டத்தில் கணக்குப்பிள்ளையின் முன்னால் யாரும் உறவு கொண்டாடுவதில்லை. அவரிடம் பேசுகிற குரலுக்கு மாறினார்.

“இருங்க மிஸ். இந்தாக்கா, அதக் கொஞ்சம் படிச்சுச் சொல்லு.”

பக்கத்தில் குழந்தைகள் அழும் சத்தம் கேட்டது. வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளை வைத்திருக்கிற பிள்ளைக்காம்பராவிலிருந்து பேசுகிறார். அங்கே வேலை செய்யும் அக்காவுக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியும். அவர் படித்தார். எனக்கு அந்த இலக்கம் மனப்பாடம். ஆனாலும் ஒவ்வொரு எழுத்தாகக் காத்திருந்து தட்டினேன்.

“கேன்சல்னு மெசேஜ் வந்திருக்காம். நெசமாங்க மிஸ்?”

“ஆமாங்க. செயற்பாட்டுக் காரணங்களால் இந்தப் பயணம் ரத்தாகியுள்ளது.”

“வேற நாளு எதுவும் இருக்குங்களா?”

“இப்போதைக்கு இல்லைங்க. பணத்தைத் திரும்பப் பெற விண்ணப்பிக்கலாம். சேவைக் கட்டணம் கழித்துத்தான் வரும்.”

“சாக்குக் கழிவு மாதிரிங்களா?”

“ஆமாங்க.” இது அட்டையில் இல்லை. ஆனாலும் சொல்லிவிட்டேன். பிறகு அட்டைக்குத் திரும்பினேன். “அல்லது வவுச்சராக எடுத்துக்கொள்ளலாம். அதில் கழிவு இல்லை. ஒரு வருடத்துக்குள் வேறு பயணத்துக்குப் பயன்படுத்தலாம்.”

ஐந்து பேரில் நான்கு பேரையாவது வவுச்சர் எடுக்க வைக்க வேண்டும் என்பது அந்த மாதத்துக் கட்டளை. கம்பனியிடம் திருப்பிக் கொடுக்கக் காசு இல்லை. எனக்கு அது தெரியும்.

“ரெண்டுல எதுங்க நல்லது? நீங்களே சொல்லுங்க மிஸ்.”

நான் யோசித்தேன் என்று இப்போது எழுத முடியாது. அந்த வாரத்தில் இருநூறு பேருக்குச் சொன்ன வாய் அது.

“வவுச்சர் நல்லது, அம்மா.”

“சரிங்க. அப்ப அதையே போட்டுடுங்க. ரொம்ப நன்றிங்க மிஸ்.”

அம்மாவுக்குப் போனை ஒழுங்காக வைக்கத் தெரியாது. அழைப்பு துண்டிக்கப்படவில்லை. அந்த அக்கா, “என்னாவாம்?” என்று கேட்பது கேட்டது.

“நம்ம புள்ளதான் பேசுச்சு. என்னமா பேசுது தெரியுமா! கழிவே இல்லாமப் போட்டுக் குடுத்துருச்சு.”

நான் இணைப்பைத் துண்டித்தேன். திரையில் அடுத்த அழைப்பு காத்திருந்தது.

அன்று மாலை அட்டையைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு படியேறினேன். மாமா ஒன்றும் கேட்கவில்லை. அதற்குள் வவுச்சர் விசயம் லயம் முழுக்கத் தெரிந்திருந்தது, நல்ல விசயமாக.

மூன்று வாரத்தில் அந்தக் கடைசி விமானமும் நின்றது. எங்களைக் கூப்பிட்டு, கணினிகளைத் துணியால் மூடிவிட்டு வரச் சொன்னார் சேர். லுணுகலைப் பெண் ஹெட்போனை எடுத்துக்கொண்டு போனாள். “என் ரெண்டு மாசச் சம்பளம் இது” என்றாள். நான் எதையும் எடுக்கவில்லை.

அம்மாவிடம் சொன்னேன், இந்தத் தடவை எல்லாவற்றையும். பிளேன் ஓடாமல் போகலாம் என்று எனக்கு முன்னாலேயே தெரிந்திருந்ததையும், பணமாகக் கேட்டிருந்தால் ஒருவேளை கொஞ்சமாவது வந்திருக்கும் என்பதையும். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“அப்ப சாக்கோடயே போயிருச்சு” என்றார். பிறகு அடுத்த கல்லைத் தேடினார். ஏன் என்று கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

பையிலிருந்த தேயிலையைப் பிரித்துக் குடிக்கத் தொடங்கினோம். நல்ல தூள். நாங்கள் பறிக்கிற கொழுந்தில் அப்படி ஒரு தேநீரை நாங்கள் வீட்டில் குடித்ததில்லை. இரண்டு மாதத்துக்கு மேல் வந்தது.

அது முடிவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா போன் எடுத்தார். எப்போது வருகிறாய் என்றுதான் கேட்டிருப்பார். அம்மா போனை என்னிடம் நீட்டினார்.

“நீயே சொல்லு. ஒனக்குத்தான் நல்லாச் சொல்ல வரும்.”

அவர் குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே அப்படி நினைத்தார். நான் வாங்கினேன். திரையில் பெரியம்மாவின் நெற்றி மட்டும் தெரிந்தது.

“அந்தப் பிளேன் இனி ஓடாது பெரியம்மா. கம்பனிய மூடிட்டாங்க. காசும் போயிருச்சு. நான்தான் அம்மாவுக்குத் தப்பாச் சொல்லிட்டேன்.”

அட்டையில் இல்லாததைச் சொல்லி முடிக்க நேரம் எடுத்தது. பெரியம்மா போனை முகத்துக்கு நேராகத் திருப்பினார்.

“நாங்க வந்த கப்பலு ஓடுதா புள்ள?”

“பார்த்துச் சொல்றேன் பெரியம்மா” என்றேன்.

அம்மா கேத்தலை அடுப்பில் வைத்துவிட்டு, மிச்சமிருந்த தூளைப் பையோடு கையில் தூக்கிப் பார்த்தார்.

“ஒரு கிலோ இருக்கும்” என்றார். “இத எடுத்து வைப்போம்.”