இரண்டு போனில் ஒரு கேரம்

அந்த ஞாயிற்றுக்கிழமை திருவனந்தபுரம் கரமனையில் எங்கள் வீட்டில் இருந்தவர்கள் அப்பா, அம்மா, நான். இல்லாதவர் செல்லையா மாமா. ஆனால் ஆட்டம் அவரோடுதான். மாமா நாகர்கோவிலில் மகள் வீட்டில் இருந்துகொண்டு தன் போனில் விரலை இழுத்தார். எங்கள் போனுக்குள் சிவப்புக் காய் குழியில் விழுந்தது. அப்பா தோற்ற ஐந்தாவது ஞாயிறு அது.

"இதுல பவுடர் எங்கலே போடுதது?" என்று என்னைக் கேட்டார்.

பவுடர் என்றதும் பழைய மணம் எனக்கு மூக்கில் ஏறிவிட்டது. அப்போது ஆற்றோரம் லைன் வீட்டில் இருந்தோம். அப்பாவும் பக்கத்து வீட்டில் இருந்த செல்லையா மாமாவும் கொத்தனார்கள். ஒரே மேஸ்திரியிடம் வேலை. இருவரும் சேர்ந்து வாங்கிய கேரம் பலகை ஒன்று உண்டு. அம்மா முகத்துக்குப் பூசும் பவுடர்தான் அதற்கும். திங்கட்கிழமை வகுப்பில் பக்கத்துப் பையன் என்னை மோந்துவிட்டு, "கல்யாணத்தினு போயோ?" என்பான். சிவப்புக் காய் தொலைந்து, ஒரு சட்டைப் பொத்தான் அந்தப் பதவியில் இருந்தது. மழை பிடித்தால் பலகை எழுந்து சன்னலை அடைக்கப் போய்விடும். திருவனந்தபுரத்து மழையை உங்களுக்குத் தெரியும். பலகை ஆடியதைவிட அடைத்ததே அதிகம். போன் கேரத்தில் மழையும் இல்லை, காயும் தொலைவதில்லை. அதையா குறை சொல்கிறாய் என்று நீங்கள் சிரிக்கலாம்.

வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் என்பதால் புள்ளி எழுதுவது என் வேலை. கோடு போட்ட நோட்டில், பரீட்சையில்கூட இல்லாத சுத்தத்தோடு எழுதுவேன். அந்த நோட்டின்படி அப்பாதான் எப்போதும் ஜெயித்தார். விரலால் அல்ல, வாயால். மாமா குறி பார்க்கும் நேரமாகப் பார்த்து, "ஏல செல்லையா, கை நடுங்குதே" என்பார். குறி தப்பும். மாமா பலகையைக் கவிழ்த்துவிட்டுப் போவார். மூன்று நாள் ஒரே சாரத்தில் நின்று பேசாமல் சுவர் பூசுவார்கள்.

போனில் வாய்க்கு வேலையில்லை. தோல்விக்குக் காரணம் அதுதான் என்று அப்பா கண்டுபிடித்தார். ஆறாவது ஞாயிறு அம்மாவின் போனையும் வாங்கினார். "சீரியலுக்கு முன்ன திரும்பத் தரணும், கேட்டோ" என்றாள் அம்மா. ஒரு போன் ஆட, இன்னொன்று மாமாவை வைய. மாமா மகளின் நம்பரைக் கூப்பிட்டு, எடுத்ததும் ஸ்பீக்கரில் போட்டு, "கை நடுங்குதுலே, பாத்துப் போடு" என்று இருபது நிமிடம் விடாமல் பேசினார். கடைசியில் மாமா மகளின் குரல் வந்தது.

"அரிசி வாளிக்குள்ள யாரோ பேசுத மாதிரி இருந்துச்சு மாமா. தெறந்து பாத்தா என் போனு. அப்பா போட்டு மூடிட்டு ஆடுதாரு."

அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "இது கேரமே இல்ல. நேர்ல போயி ஜெயிச்சிட்டு வாறேன்." சனிக்கிழமை பழவங்காடிப் பக்கம் புதுப் பலகை வாங்கினோம். மறுநாள் நாகர்கோவில் பேருந்தில் ஏற்றும்போது கண்டக்டர், "இதெந்தா, ஊணுமேசையோ?" என்று அதைச் சாப்பாட்டு மேசையாக்கிவிட்டு லக்கேஜ் டிக்கெட் கொடுத்தார்.

மாமா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பலகையைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. ஆனாலும் காய்ப்பெட்டி பிரிக்கும் முன்பே, தனியாக வந்த ஸ்ட்ரைக்கரை எடுத்து வைத்தார். வலது கை ஆடியது. ஸ்ட்ரைக்கர் கோட்டில் நிற்காமல் தட்டித் தட்டி நகர்ந்தது.

மகள் என் காதோடு சொன்னாள்: "ஒரு வருசமா இப்படித்தான். சொல்லாதன்னு சொல்லிட்டாரு. போன்ல இடது கையில ஒரு விரல் போதும்லா."

அப்பா வாயைத் திறந்தார். அந்தப் பழைய வசவுதான் வரப்போகிறது என்று நினைத்தேன். ஆனால் அவர் குனிந்து, பலகையில் கன்னத்தை ஒட்டி, ஒரு கண்ணை மூடிச் சுவருக்கு மட்டம் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"கோணப் பலகைலே இது. கடைக்காரன் ஏமாத்திட்டான். மனுசன் ஆடுவானா இதுல? போனை எடு."

இருவரும் ஒரே கட்டிலில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, ஆளுக்கொரு போனில் ஆடினார்கள். மாமாவின் மூக்கு, வழுக்கை, அவர் கட்டி இடிந்த சுவர் என எல்லாவற்றையும் அப்பா வைதார். கையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. மூன்று ஆட்டமும் மாமாவுக்கே.

கிளம்பும்போது, பலகையை இங்கேயே விட்டுவிடலாமே என்றேன். "அவன் கண்ணுல படக்கூடாதுலே" என்றார் அப்பா.

லைன் வீடு இருந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள். பலகை பிரிக்காத காய்ப்பெட்டியோடு எங்கள் கட்டிலுக்கடியில் கிடக்கிறது. அப்பா நேரில் போய்த் தோற்றுவர ஆன செலவை எழுதி வைத்தேன். பலகை, மாமாவுக்கு வாங்கிப்போன ஆப்பிள், எங்கள் இருவருக்கும் டிக்கெட், பலகைக்குப் போகவும் வரவும் லக்கேஜ்: மொத்தம் இரண்டாயிரத்து இருநூற்று எழுபது ரூபாய்.