தங்க முத்திரையும் மவுஸும்

பி.காம். முடித்து வீட்டில் சும்மா இருந்த எனக்கும், கல்யாணமாகி வந்து ஒரு வருடம்கூட ஆகாத என் மதினிக்கும் ஒரே நேரத்தில் கம்ப்யூட்டர் கிறுக்குப் பிடித்தது. தொண்ணூறுகளின் நடுவில் அது ஊரையே பிடித்து ஆட்டிய கிறுக்கு.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மாடியில் சென்டர் இருந்தது. ராஜபாளையத்திலிருந்து மத்தியான பஸ்ஸில் இருவரும் போவோம். செருப்பைக் கழற்றிவிட்டு ஏ.சி. அறைக்குள் நுழையும்போது கோயிலுக்குள் போகிற பவ்யம் வந்துவிடும். கறுப்புத் திரை, பச்சை எழுத்து. ஆறு மாதத்தில் தங்க முத்திரை ஒட்டிய சான்றிதழ் வந்தது. அண்ணன் இரண்டையும் லேமினேட் செய்து கொண்டுவந்தான். வேலையே கிடைத்துவிட்ட மாதிரி கேசரி கிண்டினோம்.

பக்கத்து ஊரில் பேண்டேஜ் துணி ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் தேவை என்று கேள்விப்பட்டோம். ஒரே ஒரு இடம்தான். இருந்தும் சேர்ந்தே போனோம். முதலாளி சான்றிதழ்களை வாங்கி, படிக்காமலே மேசையில் வைத்தார். புதிதாக வந்திறங்கிய கம்ப்யூட்டரைக் காட்டி ஒரு கடிதம் அடிக்கச் சொன்னார்.

திரையில் கறுப்பும் இல்லை, பச்சையும் இல்லை. குட்டிக் குட்டிப் படங்கள். பக்கத்தில் வாலோடு ஒரு மவுஸ். எங்கள் சென்டரில் அப்படி ஒன்றைக் கண்டதே இல்லை. மதினி துணிந்து பிடித்துத் தள்ளினாள். திரையில் அம்பு நகர்ந்தது. ஆனால் அது படத்தைத் தொடுவதற்குள் மேசை முடிந்துவிட்டது. மவுஸைத் தூக்கி மறுபடி வைக்கலாம் என்று இருவருக்குமே தெரியாது.

"ஏட்டி, அந்தச் சர்டிபிகேட்ட மேசையோட சேத்துப் பிடி. இன்னும் செத்த தூரந்தான்" என்றாள் மதினி மெதுவாக.

பிடித்தேன். மவுஸ் என் பெயரின் மேல் ஏறிப் போனது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மதினிக்கும் தோள் குலுங்கியது. முதலாளி எழுந்து வந்து பார்த்தார். இதையெல்லாம் அங்கே சொல்லித் தரவில்லையா என்று கேட்டார்.

"இல்ல சார். ஒரு வாரம் குடுங்க, படிச்சிக்கிடுதோம்" என்றாள் மதினி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "ஒருத்தர் பிடிச்சாத்தான் இன்னொருத்தர் ஓட்டுவீக போல. காலைல ஒருத்தர், மத்தியானம் ஒருத்தர் வாங்க."

அப்புறம் எத்தனையோ புரோகிராம் வந்தது, போனது. சான்றிதழை யாரும் கேட்கவே இல்லை. ஒவ்வொன்றையும் தட்டுத் தடுமாறிப் பழகிக்கொண்டோம். ஆனால் அன்றைய சந்தோஷம் வேறு. திரும்பும்போது பஸ்ஸில் சிரித்துச் சிரித்தே இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டோம். ராஜபாளையத்தைத் தாண்டி சேத்தூர் சாலையில் போகும்போதுதான் கண்டக்டர் கவனித்துக் கடிந்துகொண்டார்.

"பரவாயில்ல அண்ணாச்சி, வேலை கிடைச்சிருக்கு" என்றாள் மதினி.